ரெக்வயர்மென்ட்டை யார் டெஸ்ட் பண்ணுவது?

கேள்வி (10 ஜனவரி 2026, மாலை 6.20)

மென்பொருள் கம்பெனியில் டெஸ்ட் லீடாக இருக்கிறேன், ஏழு பேர் டீம். லைவில் (ஆட்கள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு) வரும் பக்குகளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், நிறைய இடங்களில் கோட் சரியாகத்தான் இருக்கிறது, ரெக்வயர்மென்ட்டே, அதாவது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்ததே தப்பு. மேனேஜர் கேட்பதோ "டெஸ்டிங்கில் ஏன் பிடிக்கவில்லை?" ரிவ்யூ மீட்டிங் உண்டு, செக்லிஸ்ட் உண்டு, க்ளையன்ட் கையெழுத்தும் உண்டு. இதற்கு மேல் ரெக்வயர்மென்ட்டின் தரத்தை எப்படித்தான் சோதிப்பது?

பதில் (10 ஜனவரி, இரவு 10.45)

உங்கள் ரிவ்யூ மீட்டிங்கில் யாரும் படிப்பதில்லை. எங்களுடையதிலும் அப்படித்தான். பிஏ (க்ளையன்ட்டிடம் கேட்டு ரெக்வயர்மென்ட் எழுதும் பிசினஸ் அனலிஸ்ட்) ஸ்கிரீனை ஷேர் செய்து விறுவிறுவென்று ஸ்க்ரோல் செய்வார், "எனி டவுட்ஸ்?" என்பார். மியூட்டில் இருக்கும் பதினோரு பேரும் மியூட்டிலேயே இருப்போம். மினிட்ஸில் "ரிவ்யூட் அண்ட் அப்ரூவ்ட்" என்று ஏறிவிடும்.

நான் செய்வது ஒன்றே ஒன்று. டாக்குமென்ட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் டெஸ்டரிடம் கொடுத்து, ஒரு வரி கோட் எழுதும் முன்பே அதற்கு டெஸ்ட் கேஸ் (எதைச் செய்து பார்த்தால் என்ன வர வேண்டும் என்ற குறிப்பு) எழுதச் சொல்வேன். எழுத வராத வரி பிஏவிடமே திரும்பிப் போகும். "ஸ்கிரீன் வேகமாகத் திறக்க வேண்டும்" என்பதற்கு யாராலும் டெஸ்ட் எழுத முடியாது. எத்தனை நொடி, எந்த மாதிரி போனில் என்று வந்தால்தான் எழுத முடியும்.

ஒரு சீட்டுக் கம்பெனிக்கு ஆப் செய்தோம். டாக்குமென்ட்டில் ஒரு வரி: "தவணையை 15-ஆம் தேதிக்குள் கட்டினால் அபராதம் இல்லை." படித்தால் சந்தேகமே வராது. டெஸ்ட் கேஸ் எழுத உட்கார்ந்த பெண்தான் கேட்டார்: "க்குள்னா 15 சேர்த்தியா, இல்லையா?" சேர்த்திதான் என்றார் பிஏ. டெவலப்பரோ 14 இரவோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். சரி, 15 சேர்த்தி என்றால் எத்தனை மணி வரை? கவுன்டர் மூடும் மாலை 6 மணியா, நள்ளிரவா? நள்ளிரவு என்று முடிவாகி, எழுதி, கையெழுத்தும் வாங்கியாயிற்று.

எந்த ஊர் நள்ளிரவு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆக 16-ஆம் தேதி விடியற்காலை 5.29-க்குப் பணம் கட்டினாலும் சர்வர் கணக்கில் அது 15. நாலு மாதம் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. அபராதம் தப்பாக விழுந்திருந்தால் மறுநாளே சண்டைக்கு வந்திருப்பார்கள். விழாமல் போனதற்கு யார் புகார் கொடுப்பார்? கடைசியில் ஆடிட்டர்தான் பிடித்தார். விடியற்காலை நாலு மணிக்குச் சீட்டுப் பணம் கட்டுவது யார் என்று பார்த்தால், கோயம்பேடு பூ மார்க்கெட்காரர்கள்.

மேனேஜரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ரெக்வயர்மென்ட்டில் விட்ட தப்பை லைவில் திருத்தினால் 100 மடங்கு செலவு. 1999-இல் செவ்வாய்க்குப் போன நாசா விண்கலம் அலகுக் குழப்பத்தால் அழிந்ததும் இதே ரெக்வயர்மென்ட் கோளாறுதான்.

11 ஜனவரி, காலை 7.10

நேற்று கடைசிப் பத்தியில் சொன்ன இரண்டுமே தப்பு. மேனேஜரிடம் சொல்லிவிட்டீர்களா?

அந்த நாசா விண்கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விஷயத்தில் ரெக்வயர்மென்ட் சரியாகவே இருந்தது. தரையில் இருந்த மென்பொருள் தன் கணக்கை நியூட்டன்-நொடியில் தர வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். மென்பொருள் பவுண்டு-நொடியில் தந்தது, ஏறத்தாழ 4.45 மடங்கு வித்தியாசம். ஆவணத்தில் உள்ளபடிதான் வெளியே வருகிறதா என்று யாரும் ஒத்துப் பார்க்கவில்லை. அதாவது இது "டெஸ்டிங்கில் ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்கும் உங்கள் மேனேஜர் பக்கத்து உதாரணம். அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 100 மடங்கு. மென்பொருள் ஆராய்ச்சியாளர்கள் போமும் பசிலியும் 2001-இல் போட்ட பட்டியலில் முதல் வரியே அதுதான், உண்மை. ஆனால் சின்ன, உயிர்போகாத சிஸ்டங்களில் அது 5 மடங்குக்குப் பக்கத்தில்தான் என்று அவர்களே கீழே எழுதியிருக்கிறார்கள். பத்து வருடமாக நான் ஸ்லைடில் மேல் வரியை மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழு பேர் டீமுக்கு 5 மடங்கே போதும், அதுவே வலிக்கும்.

11 ஜனவரி, இரவு 9.30

ரிவ்யூ மீட்டிங்கையே தூக்கிவிடலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வேண்டாம், பழைய முறைக்குத் திருப்புங்கள்.

ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் 1976-இல் எழுதிய இன்ஸ்பெக்‌ஷன் முறையில், எழுதியவர் படித்துக் காட்ட மாட்டார். இன்னொருவர், பெரும்பாலும் கோட் எழுதப்போகிறவர், அதைத் தன் சொந்த வார்த்தையில் சொல்வார். ஒரு அமர்வு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாது. தப்பைக் குறித்துக்கொள்வதோடு சரி, தீர்வு அங்கே பேசக் கூடாது. நம் ஆட்களுக்கு இந்தக் கடைசி விதிதான் கஷ்டம். தப்பு ஒன்று கிடைத்தவுடன் டேட்டாபேஸ் டிசைனுக்குப் போய்விடுவோம், நாற்பது நிமிடம் கழித்துத்தான் திரும்பி வருவோம்.

நான் இதைச் செய்து பார்த்ததில் ஒரு வேடிக்கை. டெவலப்பர் தன் வாயால் சொல்லும்போது பிஏ எத்தனை முறை "இல்ல இல்ல, அப்படி இல்ல" என்கிறாரோ, அத்தனை ஓட்டை அந்த டாக்குமென்ட்டில். எண்ணிக்கொண்டாலே போதும். பிஏவை மியூட்டில் போட்டால் இன்னும் நல்லது, ஆனால் முகம் சிவப்பதைப் பார்க்க வேண்டும், கேமரா ஆனில் இருக்கட்டும்.

13 ஜனவரி, இரவு 11.55

கிளாம்பாக்கம். பஸ் வரவில்லை. பொங்கல் கூட்டம். பொழுது போக இது.

இணைய நெறிமுறைகள் எழுதுகிறவர்களுக்கு 1997 மார்ச்சிலேயே ஒரு அகராதி போட்டுவிட்டார்கள், ஆர்எஃப்சி 2119. "கட்டாயம்", "செய்வது நல்லது", "விருப்பம்" என்று ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று. 2017-இல் அதற்கு ஒரு ஒட்டு: அந்தச் சொற்கள் கேபிடல் எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்த அர்த்தம். தமிழில் எழுதினால் என்ன செய்வது, நமக்குக் கேபிடலே கிடையாதே. அதைவிட "லாம்" இருக்கிறதே! "வாடிக்கையாளர் ரத்து செய்யலாம்." அனுமதியா, செய்யக்கூடும் என்ற எச்சரிக்கையா, செய்யட்டுமே என்ற ஆலோசனையா? மூன்றும்தான்.

குக்கும்பர் என்ற டெஸ்டிங் கருவியில் டெஸ்ட் எழுதும் கெர்கின் மொழியில் தமிழ்ச் சொற்கள் உண்டு, தெரியுமா? கிவன், வென், தென் என்பதற்கு "கொடுக்கப்பட்ட", "எப்போது", "அப்பொழுது". ஒரு தடவை ஆசையாக எழுதிப் பார்த்தேன். "எப்போது பயனர் பணம் கட்டுகிறார்" என்று வந்தது. கேள்வி கேட்பது மாதிரியே இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் "சம்பளம் வந்தா கட்டுவார்" என்றார்.

பஸ் வந்துவிட்டது.

15 ஜனவரி, பிற்பகல் 3.15

சித்தப்பாவுக்கு ஒரு ஆப்பில் கணக்கு திறந்து கொடுக்க வேண்டியிருந்தது. முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயம். சித்தப்பாவுக்கு ஒரே பெயர், முன்னால் ஒரு இனிஷியல். கடைசிப் பெயர் கட்டத்தில் இனிஷியலைப் போட்டார், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. புள்ளி சேர்த்தார், புள்ளி கூடாது என்றது. தாத்தா பெயரை முழுசாகப் போட்டார், ஏற்றுக்கொண்டது. அடுத்த பக்கத்தில் ஆதாரோடு பெயர் பொருந்தவில்லை என்று வெளியே தள்ளிவிட்டது. "டேய், இதையெல்லாம் உன்ன மாதிரி ஆளுங்கதான செய்றீங்க?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் மூன்று வருடம் முன்னால் வேறொரு ப்ராஜெக்ட்டில் "கடைசிப் பெயர்: கட்டாயம்" என்ற வரியை ரிவ்யூ செய்து ஒப்புதல் கொடுத்தவன் நான். எனக்கும் கடைசிப் பெயர் கிடையாது! என் பாஸ்போர்ட், டிக்கெட், பேங்க் என்று ஒவ்வொரு இடத்திலும் நான் படாத பாடு இல்லை. ஆனாலும் அந்த வரியைப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. டெஸ்ட் டேட்டா "ஜான் ஸ்மித்". பாஸ்.

இதில் 10-ஆம் தேதி நான் சொன்னது அடிபட்டுப் போகிறது. "கடைசிப் பெயர் கட்டாயம்" என்பதற்கு ஒரு நிமிடத்தில் டெஸ்ட் எழுதலாம். குழப்பமே இல்லாத வரி. சோதிக்கவும் முடியும், சோதித்தால் பாஸும் ஆகும். ஆனால் தப்பு.

16 ஜனவரி, காலை 11.00

இரவெல்லாம் யோசித்ததில், வாக்கியத்தைச் சோதிப்பது வேறு, வாக்கியம் உலகத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதிப்பது வேறு. என் டெஸ்ட் கேஸ் வித்தை முதலாவதற்கு மட்டும்தான்.

இரண்டாவதற்கு என்னிடம் உள்ள நல்ல உதாரணம் வார்சா விமான விபத்து. 1993 செப்டம்பர் 14, லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ320. விமானம் பறக்கும்போது எஞ்சினின் ரிவர்ஸ் (உந்துவிசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது) திறந்துவிடக் கூடாது, இது நியாயமான ரெக்வயர்மென்ட். இரண்டு வருடம் முன்புதான், 1991 மே மாதம், தாய்லாந்துக்கு மேலே லௌடா ஏர் விமானத்தில் ரிவர்ஸ் நடுவானில் திறந்து 223 பேர் இறந்தார்கள். ஏ320-இல் விதி இது: தரையில் இருந்தால் மட்டுமே ரிவர்ஸ், தரையில் இருந்தால் மட்டுமே இறக்கை மேல் எழும் தடுப்புப் பலகைகள். சரி, தரையில் இருக்கிறோம் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ரிவர்ஸுக்கு இரண்டு பக்கச் சக்கரக் காலும் அழுந்தியிருக்க வேண்டும். பலகைகளுக்கு இரண்டு பக்கமும் எடை விழ வேண்டும், அல்லது சக்கரங்கள் 72 நாட் வேகத்துக்கு மேல் சுழல வேண்டும்.

அன்று மழை. பக்கக் காற்று என்று சொல்லப்பட்டதால் பைலட்கள் விமானத்தைக் கொஞ்சம் சாய்த்தே இறக்கினார்கள். வலது கால் முதலில் தொட்டது. இடது கால் தொட ஒன்பது நொடி ஆனது. ஓடுபாதையில் தண்ணீர் நின்றதால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போனதே தவிர சுழலவில்லை. மனுஷக் கண்ணுக்கு விமானம் தரையில். கம்ப்யூட்டர் கணக்கில் இன்னும் வானத்தில். ஓடுபாதை முடிந்து மண்மேட்டில் மோதி நின்றது, இரண்டு பேர் இறந்தார்கள்.

மென்பொருள் சொன்னதைச் செய்தது. எந்த டெஸ்டரைக் கேட்டிருந்தாலும் பாஸ் போட்டிருப்பார். "தரையில் இருப்பது" என்றால் "இரண்டு காலும் அழுந்துவது" என்று எழுதிய இடத்தில்தான் ஓட்டை. அந்த இடத்தில் கேள்வி கேட்க டெஸ்டிங் தெரிந்தால் போதாது, ஈரத்தில் விமானம் இறக்கியிருக்க வேண்டும்.

16 ஜனவரி, மாலை 5.40

ஏரியான் 5 ராக்கெட் வெடித்த கதையை ஏன் விட்டீர்கள் என்கிறார் ஒருவர். அது எல்லாரும் சொல்லி அலுத்த கதை என்பதால். ஆனாலும் ஒரு பகுதியை யாரும் சொல்வதில்லை. 1996 ஜூன் 4, புறப்பட்ட சுமார் 37-ஆம் நொடியில் 64 பிட் எண் 16 பிட்டில் அடங்காமல் வழிந்தது, அதுவரை எல்லாருக்கும் தெரியும். வழிந்த அந்தக் கணக்கே ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையில்லாத கணக்கு. ஏரியான் 4-இல், கவுன்ட்டவுன் நடுவில் நின்றால் சீக்கிரம் மறுபடி தொடங்க வசதியாக, புறப்பட்ட பின்னும் ஏறத்தாழ 40 நொடி ஓடட்டும் என்று வைத்திருந்தார்கள். ஏரியான் 5-க்கு அந்த வசதி தேவையே இல்லை. வரி மட்டும் கூடவே வந்துவிட்டது. புது ராக்கெட்டின் பாதை விவரம் அந்தக் கணக்கைப் போட்ட வழிகாட்டும் கருவியின் ரெக்வயர்மென்ட்டில் சேர்க்கப்படவேயில்லை என்று விசாரணைக் குழு எழுதியது.

நம் ஊரில் இதற்குப் பெயர் "பழைய டாக்குமென்ட்டையே எடுத்துக்கோ, பேர மட்டும் மாத்து".

19 ஜனவரி, இரவு 10.20

அதே சீட்டுக் கம்பெனியில் இன்னொன்று நினைவுக்கு வந்தது. "நினைவூட்டல் எஸ்எம்எஸ் 160 எழுத்துக்குள் இருக்க வேண்டும்." எண் இருக்கிறது, சோதிக்கலாம், அருமையான வரி. ஆங்கில மெசேஜ் 140-இல் அடங்கியது. ஆறு மாதம் கழித்துத் தமிழ் மெசேஜும் சேர்த்தார்கள். அதே 160 விதியைப் போட்டோம். மெசேஜ் 180 வந்தது, "எழுத்து கணக்கு வேறப்பா, சுருக்கு" என்று 158-க்குக் கொண்டுவந்தோம். பாஸ்.

அடுத்த மாத எஸ்எம்எஸ் பில் வந்ததும் முதலாளி போன் செய்தார். தமிழ் யுனிகோடில் ஒரு எஸ்எம்எஸ் 70 எழுத்துதான். அதற்கு மேல் போனால் 67, 67-ஆக உடைப்பார்கள். எங்கள் 158 மூன்று எஸ்எம்எஸ்.

அதற்குள் "எழுத்து" என்றால் என்ன என்றே எங்களுக்குள் சண்டை. "தமிழ்" என்ற சொல்லை எடுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் ஐந்து. கம்ப்யூட்டரில் யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். டாக்குமென்ட்டில் "எழுத்து" என்று எழுதிய பிஏ மூன்று என்று நினைத்தார், ஆப் ஐந்து என்று எண்ணியது, டேட்டாபேஸில் பெயர்க் கட்டத்தை 30 பைட் என்று ஒரு புண்ணியவான் வைத்திருந்ததால் பாதிப் பெயரோடு ரசீது வந்தது. மூன்று பேரும் சரியென்றுதான் டிக் போட்டிருந்தோம்.

28 ஜனவரி, மதியம் 1.05

ஏஐயிடம் கொடுத்துச் சரிபார்க்கலாமே என்பவர்களுக்கு: கொடுத்தேன். "உடனே", "தகுந்த", "போன்றவை", "எளிதாக" மாதிரிச் சொற்களைச் சல்லடை போட்டு எடுத்துவிடுகிறது, இதில் மனிதரைவிடப் பொறுமை. என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டால் நாற்பது கேள்வி தருகிறது. நாற்பதையும் பிஏவுக்கு அனுப்பினேன். நாற்பதுக்கும் "நாட் அப்ளிகபிள்" என்று வந்தது. அவர் படிக்கவில்லை என்று தெரியும், நானும்தான் முழுசாகப் படிக்காமல் அனுப்பினேன்.

12 பிப்ரவரி, இரவு 9.50

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. சீட்டுக் கம்பெனிக்கு இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. கேள்வி கேட்டவர் ஜனவரியில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது, அதனால் இன்று லேப்டாப்பை எடுக்காமல் அவர்கள் வசூல் கவுன்டரில் போய் காலை முழுக்க உட்கார்ந்தேன்.

கவுன்டரில் ஒரு அம்மா, இருபது வருடமாக அங்கேயே. முன்னால் நம் ஆப் ஓடும் கம்ப்யூட்டர். அதன் கீபோர்டுக்கு அடியில் ஒரு நீளமான நோட்டு. ஒவ்வொருவர் வரும்போதும் முதலில் நோட்டு, அப்புறம்தான் கம்ப்யூட்டர். எட்டிப் பார்த்தேன். "பூக்கடை அக்கா, 3 சீட்டு, 500 பாக்கி, நாளைக்கு." நம் ஆப்பில் ஒரு சீட்டுக்கு ஒரு ரசீது, தொகை முழுசாக இருந்தால்தான் சேவ் பட்டனே வேலை செய்யும். அந்த அக்காவோ தன் சீட்டு, மச்சான் சீட்டு, பக்கத்துக் கடைக்காரர் சீட்டு மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டாகக் கொடுத்துவிட்டுப் போகிறார், 500 குறைவாக. இந்த அம்மா தன் கைக்காசு 500-ஐப் போட்டு மூன்று ரசீதை முடித்துவிட்டு, வரவேண்டியதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

டாக்குமென்ட் 84 பக்கம். அதில் இல்லாதது மொத்தமும் அந்த நோட்டில் இருக்கிறது. போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், "முதலாளிக்குக் காட்டாதப்பா" என்றார். எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது சும்மா கேட்டேன், "15-க்குள்னா 15 ராத்திரி வரைக்கும்தானே?"

"ஆமா தம்பி. ஆனா 15 ஞாயித்துக்கிழமை வந்தா கவுன்டர் லீவு, 16 வாங்கிக்குவோம். எப்பவும் அப்படித்தான்."

அப்படி ஒரு வரி எங்கேயும் இல்லை. ஆப் அபராதம் போடுமே என்றேன். நோட்டைப் போன வருடம் ஜூன் 16-க்குத் திருப்பிக் காட்டினார். முந்தின நாள் ஞாயிறு. வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே 50. ஆப் கேட்கிறதே என்று அபராதம் 50-ஐ வசூல் செய்துவிட்டு, டீ செலவுக் கணக்கில் எழுதி அவரவர் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார். யுடிசியைப் பிடித்த ஆடிட்டர், ஒரே நாளில் அவ்வளவு டீ யார் குடித்தார்கள் என்று கேட்கவில்லை.

13 பிப்ரவரி, காலை 8.00

கேள்வி கேட்டவருக்கு: செக்லிஸ்டில் எதையும் கூட்ட வேண்டாம். டெஸ்ட் கேஸை முதலில் எழுதுங்கள், அது வாக்கியத்தைப் பார்த்துக்கொள்ளும். ரிவ்யூவுக்கு க்ளையன்ட்டின் ஐடி மேனேஜரைக் கூப்பிடுவதற்குப் பதில் கவுன்டரில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். வர மாட்டார், வேலை இருக்கும். நீங்கள் போங்கள், போனால் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் பக்கத்தில் என்ன நோட்டு இருக்கிறது என்று பாருங்கள். நோட்டு இல்லாவிட்டால் எக்ஸெல் இருக்கும். மேனேஜரிடம் எப்படி அனுமதி வாங்குவது என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் லீவு போட்டுத்தான் போனேன்.

ஞாயிறு விதிக்கு நேற்றிரவே, டெவலப்பர்களுக்கு வேலை பதியும் ஜிராவில் டிக்கெட் போட்டுவிட்டேன்.

16 பிப்ரவரி, இரவு 8.30

நேற்று 15, ஞாயிறு. அந்த அம்மாவுக்கு போன் செய்தேன். இன்று மதியத்துக்குள்ளேயே நோட்டில் ஒரு பக்கம் நிரம்பிவிட்டதாம், டீ செலவு கொஞ்சம் அதிகம்தான் என்றார்.

டிக்கெட்டுக்குப் பதில் வந்திருக்கிறது: "சைன்-ஆஃப் ஆன ரெக்வயர்மென்ட்டின்படி சரியாக வேலை செய்கிறது. பிரயாரிட்டி: லோ."

மார்ச் 15-உம் ஞாயிறுதான்.